பழைய கார்களுக்கு டோர் வைசரை வெட்டி, வளைத்துப் பொருத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, மாருதி 800, பழைய ஜென் போன்ற வண்டிகளை இன்றும் அன்றாடம் ஓட்டுகிறவர்கள், கதவுக் கண்ணாடிக்கு மேலே, கதவுச் சட்டத்தில் ஒட்டும் பிளாஸ்டிக் மழைத்தடுப்புப் பட்டையான வைசரைத் தேடிக் கடைக்குப் போனால், பெரும்பாலும் புதிய கார்களுக்கு வார்க்கப்பட்டவையே கிடைக்கின்றன. அவற்றை வாங்கி, வெட்டி, வளைத்து, பழைய கதவுக்கு ஒழுங்காகப் பொருத்த முடியும். அதற்குப் பொறுமையும் ஓரளவு கைத்திறனும் போதும். இதில் இறங்குகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் கீழே உள்ளன.

பழைய காருக்கு வைசர் உண்மையிலேயே தேவையா, அலங்காரத்துக்காகப் போடுவதா?

ஏசி இல்லாத வண்டிக்கு அது தேவையான பொருள்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்ணாடிகளை முழுவதும் ஏற்றிவிட்டு நான்கு பேர் உட்கார்ந்தால், மூச்சுக்காற்றின் ஈரம் குளிர்ந்த முன்கண்ணாடியில் படிந்து சில நிமிடங்களிலேயே சாலை மங்கிவிடும். துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டுவது ஆபத்தானது. கதவுக் கண்ணாடியை இரண்டு, மூன்று செ.மீ. இறக்கி வைத்தால் அந்த ஈரக்காற்று வெளியேறும். ஆனால் சாரல் தோளில் அடிக்கும். வைசர் அந்த இடைவெளியை மேலிருந்து மூடி, காற்றுக்கு மட்டும் வழிவிடுகிறது. வெயிலில் நிறுத்திய வண்டியில் சூடான காற்று வெளியேறவும் அதே இடைவெளி உதவும். ஏசி நன்றாக வேலை செய்யும் வண்டிக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

என் காரின் பெயர் அச்சிட்ட வைசர் கடையில் இருக்கிறது. அதை அப்படியே ஒட்டலாம் அல்லவா?

பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஒரே பெயரில் வெவ்வேறு காலங்களில் வந்த வண்டிகளின் கதவுகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. 1993இல் வந்த ஜென் தாழ்வான, உருண்டையான வண்டி. 2006 இறுதியில் வந்த ஜென் எஸ்டிலோ உயரமான வேறொரு வண்டி. 2000இல் வந்த ஆல்டோவுக்கும் 2012இல் வந்த ஆல்டோ 800க்கும், 1998ஆம் ஆண்டுச் சான்ட்ரோவுக்கும் 2018ஆம் ஆண்டுச் சான்ட்ரோவுக்கும் இதே நிலைதான். ஹோண்டா சிட்டியில் 1998, 2003, 2008 என்று மூன்று வடிவங்களைப் பழைய கார்ச் சந்தையில் இன்றும் பார்க்கலாம். ஆகவே பெட்டியின் மேல் தயாரிப்பு ஆண்டு குறிக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குறிக்கப்படவில்லை என்றால், பெட்டியைப் பிரித்துக் கதவின் மேல் வைத்துப் பார்க்க அனுமதிக்கும் கடையில் மட்டும் வாங்குங்கள்.

அம்பாசிடருக்கு எந்தக் காரின் வைசரை வாங்கி வெட்டலாம்?

இந்தக் கேள்விக்கு ஒரு காரின் பெயரைப் பதிலாகச் சொல்லிவிட முடியாது. அப்படிச் சொல்லும் பட்டியல்களை நம்பி வாங்கினால் பெரும்பாலும் பணம் வீணாகும். ஏனென்றால் ஒரே காருக்கு வெவ்வேறு நிறுவனங்கள் செய்யும் வைசர்களே அகலத்திலும் வளைவிலும் வேறுபடுகின்றன. காரின் பெயரை விட்டுவிட்டு வடிவத்தைத் தேடுவதே சரியான வழி.

வைசரில் மூன்று வளைவுகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, பக்கவாட்டில் நின்று பார்க்கும்போது ஜன்னலின் மேல்விளிம்பு ஓடும் கோடு. இரண்டாவது, மேலிருந்து பார்க்கும்போது தெரியும் வெளிப்புடைப்பு. மூன்றாவது, முன்முனையிலிருந்து பின்முனைக்குள் வைசர் எவ்வளவு முறுக்கிக்கொண்டு போகிறது என்பது. 1950களின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 காரை அடிப்படையாகக் கொண்டது அம்பாசிடர்; மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலையில் 2014 வரை தயாரான அந்த வண்டியின் கதவுக் கண்ணாடி கடைசி வரை தட்டையாகவே இருந்தது. இன்றைய கார்களின் கதவுக் கண்ணாடிகள் வெளிப்பக்கம் புடைத்தவை என்பதால், அவற்றுக்கான வைசர்களும் நடுவில் புடைத்திருக்கும். அத்தகைய வைசரை அம்பாசிடர் கதவில் வைத்தால் இரண்டு முனைகளும் சட்டத்தைத் தொடும், நடுப்பகுதி எழும்பி நிற்கும்.

இவற்றில் முதல் வளைவை, அதாவது மேல்விளிம்பின் கோட்டை, நம்மால் மாற்றவே முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டையான பட்டையை அதன் அகலத்தின் போக்கில் வளைக்க முயன்றால் அது சுருங்கி மடிந்துவிடும். புடைப்பையும் முறுக்கையும் சூடாக்கிச் சரிசெய்யலாம். நீளம் அதிகமாக இருந்தால் வெட்டலாம். எனவே மேல்விளிம்பின் கோடு ஒத்துப்போகும் வைசரைத் தேடுங்கள், மற்றவை பிறகு.

அதற்கு எளிய வழி அட்டை மாதிரிதான். தடித்த காலண்டர் அட்டையைக் கதவுச் சட்டத்தின் மேல் வைத்து, உள்ளிருந்து விளிம்பைப் பென்சிலால் வரைந்து, கத்தரித்து, மறுபடியும் வைத்துப் பார்த்துத் திருத்துங்கள். நான்கு கதவுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். பல முறை டிங்கர் வேலை பார்த்த பழைய வண்டியில் இடப்பக்கக் கதவும் வலப்பக்கக் கதவும் சில மி.மீ. வேறுபடுவது சாதாரணம், ஒரு பக்க மாதிரியைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்துக்குப் பயன்படுத்தினால் அந்த வேறுபாடு கடைசியில்தான் தெரியவரும். இந்த அட்டைகளை எடுத்துக்கொண்டு சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை போன்ற கார் உதிரிப்பொருள் கடைகள் நிறைந்த இடத்துக்குப் போனால், வைசர்களை அட்டையின் மேல் வைத்துப் பார்த்தே தேர்ந்தெடுத்துவிடலாம். கழித்த வண்டிகளின் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய வைசர்களும் கிடைக்கும். ஆனால் வெயிலில் பல ஆண்டுகள் இருந்த பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மை அடைந்திருக்கும் என்பதால், வெட்டி வளைக்கும் வேலைக்குப் புதியதையே நான் பரிந்துரைப்பேன்.

தேர்ந்தெடுப்பது உங்கள் கதவை விட மூன்று, நான்கு செ.மீ.யாவது நீளமாக இருக்கட்டும். குறைவான நீளத்துக்கு மாற்று இல்லை.

நீளம் போதாவிட்டால் இரண்டு துண்டுகளை இணைக்கலாமா?

வேண்டாம். இணைப்பு எவ்வளவு நன்றாக அமைந்தாலும், காற்றின் அதிர்வு முழுவதும் அந்த ஒரே கோட்டில் குவியும்.

கண்ணாடிச் சேனலுக்குள் செருகும் வைசர் நல்லதா, வெளியே ஒட்டுவது நல்லதா?

பழைய வண்டிக்கு வெளியே ஒட்டுவதே நல்லது. செருகும் வகையின் மேல்விளிம்பு, கண்ணாடி ஏறி இறங்கும் சேனலுக்குள் ரப்பருக்கும் உலோகத்துக்கும் நடுவே உட்கார்ந்து, கண்ணாடிக்கு இருக்கும் இடத்தைக் குறைத்துவிடும். புதிய ரப்பர் அதைத் தாங்கிக்கொள்ளும். காய்ந்து இறுகிய பழைய ரப்பரில் கண்ணாடி மேலே சரியாகப் போய் உட்காராது; மழை உள்ளே வரும்; கையால் சுற்றி ஏற்றும் அமைப்பாக இருந்தால் அதன் பற்சக்கரமும் கம்பியும் தேயும். செருகும் வகையை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், சேனலின் ரப்பரை முதலில் புதிதாக மாற்றிவிட்டுப் பிறகு முயலுங்கள்.

வாங்கிய வைசர் எந்த வகைப் பிளாஸ்டிக் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வெட்டுவதும் சூடாக்குவதும் இதைப் பொறுத்தே அமைவதால், கடைக்காரர் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளாமல் நீங்களே சோதித்துவிடுங்கள். புகை நிறத்தில் ஒளி ஊடுருவும் வைசர்கள் பெரும்பாலும் அக்ரிலிக் அல்லது பாலிகார்பனேட். வெட்டி நீக்கப்போகும் பின்முனையிலிருந்து சிறு துண்டை எடுத்து, கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, இடுக்கியால் மடக்குங்கள். அக்ரிலிக் என்றால் சிறிது வளைந்ததுமே பட்டென்று உடையும். பாலிகார்பனேட் உடையாமல் மடங்கும், மடங்கிய இடம் வெளுக்கும். இன்னும் உறுதி வேண்டுமென்றால் திறந்தவெளியில் அந்தத் துண்டை இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டலாம். அக்ரிலிக் தீயை விலக்கிய பிறகும் எரிந்துகொண்டிருக்கும். பாலிகார்பனேட் கரும்புகை விட்டுத் தானே அணைந்துவிடும்.

விரிசல் விடாமல் வெட்டுவது எப்படி?

அச்சில் வார்த்த முன்முனை ஒருபோதும் வெட்டுப்படக் கூடாது. எதிர்க்காற்றைச் சந்திப்பது அந்த முனைதான். அது சரிந்து இறங்கி உலோகத்தோடு படியும்படி வார்க்கப்பட்டிருக்கிறது, அந்தச் சரிவைக் கையால் மறுபடி உருவாக்குவது கடினம். நீளத்தைப் பின்முனையில் மட்டும் குறையுங்கள். பின்முனை வெட்டுப்பட்டுத் திறந்தபடி நின்றால் அழகு சற்றுக் குறையலாம், ஆனால் காற்றும் நீரும் வெளியேறும் பக்கம் அதுவாகையால் திறந்திருப்பதில் தீங்கில்லை.

வெட்ட வேண்டிய இடத்தில் இருபுறமும் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, அதன் மேல் கோடு போடுங்கள். வைசரின் வளைவுக்கு ஏற்ப அடியில் பழைய துணியை மடித்துத் திணித்து, இரண்டு மரச்சட்டங்களுக்கு இடையே கோட்டுக்கு மிக அருகில் இறுக்கிப் பிடிக்க வேண்டும். பிடி தளர்ந்து பிளாஸ்டிக் அதிர்ந்தால்தான் விரிசல் விழுகிறது. அங்குலத்துக்கு 32 பல் கொண்ட ஹாக்ஸா பிளேடு இதற்கு ஏற்றது. மெதுவாக, நீண்ட இழுப்பாக அறுக்க வேண்டும். மின்சார ரம்பத்தையோ கிரைண்டரையோ பயன்படுத்தினால் அக்ரிலிக் உருகி, வெட்டிய இடத்திலேயே மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

உள்மூலை எதுவும் கூர்மையாக இருக்கக் கூடாது. படிபோல் வெட்ட நேர்ந்தால் அந்த மூலையில் முதலில் 3 மி.மீ. துளை போட்டு, இரண்டு வெட்டுகளும் அந்தத் துளையில் வந்து முடியும்படி செய்யுங்கள். கூர்மையான மூலை, ஓட்டத்தின் அதிர்விலும் வெயிலிலும் நாளடைவில் விரிசலாக நீளும். வெட்டி முடித்ததும் அரத்தால் விளிம்பின் கூர்மையை எடுத்துவிட்டு, 180, 320, 600 என்ற எண் வரிசையில் உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். 1000 வரை போனால் விளிம்பு கண்ணுக்கும் நன்றாக இருக்கும்.

வைசரைக் கதவில் பிடிக்கவைக்கும் டபுள் சைடு டேப் ஒட்டும் மேல்பட்டையின் அகலத்தில் கைவைப்பதற்கு முன் யோசியுங்கள். மேல்விளிம்பின் கோடு சிறிது ஒத்துப்போகாதபோது அந்தப் பட்டையில் இரண்டு மி.மீ. தேய்த்துச் சரிசெய்யலாம், ஆனால் மீதமிருக்கும் அகலம் டேப்பின் அகலத்தை விடக் குறைந்துவிடக் கூடாது.

வளைவு ஒத்துவரவில்லை. டேப் வலுவானதாக இருந்தால் அழுத்தி ஒட்டிவிடலாம் அல்லவா?

வைசர்கள் கழன்று விழுவதற்கு நான் பார்த்த வரையில் முதன்மைக் காரணம் இதுதான். டேப் மேல் பழி போடுகிறார்கள். உண்மையில் டேப் தோற்கவில்லை, பிளாஸ்டிக் தன் பழைய வடிவத்துக்குத் திரும்ப முயன்று இரவும் பகலும் அதை இழுத்துக்கொண்டே இருக்கிறது. நுரை டேப் திடீர் இழுப்பை நன்றாகத் தாங்கும். தொடர்ந்து பல மாதங்கள் ஒரே திசையில் உரிக்கும் விசையைத் தாங்காது. சித்திரை வெயிலில் உலோகம் கொதிக்கும்போது பசை இளகும், முனை முதலில் எழும்பும், பிறகு காற்று மீதியைப் பிடுங்கிவிடும்.

ஆகவே நான் வலியுறுத்தும் விதி ஒன்றுதான்: டேப் இல்லாமல், இரண்டு விரல்களால் லேசாகத் தொட்டுக்கொண்டாலே வைசர் கதவுச் சட்டத்தில் முழு நீளத்துக்கும் படிந்து உட்கார வேண்டும். எங்கேனும் ஒரு மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரிந்தால் வடிவம் இன்னும் சரியாகவில்லை என்று பொருள். ஒரு மி.மீ.க்கு உட்பட்ட இடைவெளியை டேப்பின் நுரை நிரப்பிக்கொள்ளும். டேப்பின் மேல் டேப்பாக அடுக்கி இடைவெளியை நிரப்புவது வேலைக்கு ஆகாது.

அப்படியானால் சூடாக்கி வளைப்பது எப்படி?

அக்ரிலிக் ஏறத்தாழ 105 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கி, 150 முதல் 165 டிகிரிக்குள் ரப்பர்போல் வளையும் நிலைக்கு வரும். அதற்கு மேல் சூடேறினால் உள்ளே குமிழிகள் தோன்றும், அவை மறையாது. பாலிகார்பனேட்டுக்கு இன்னும் அதிகச் சூடு, 180 டிகிரி அளவுக்கு, தேவை. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி வைத்திருப்பதால், பல மணி நேரம் அடுப்பில் உலர்த்தாமல் சூடாக்கினால் குமிழிகள் நிச்சயம். வீட்டு வேலைக்கு அக்ரிலிக்கே உகந்தது. உங்கள் வைசர் பாலிகார்பனேட் என்றால், வளைக்க வேண்டிய அவசியம் இல்லாத அளவுக்குப் பொருந்தும் ஒன்றைத் தேடுவதே மேல்.

சிலர் காரின் கதவையே அச்சாக வைத்துச் சூடான பிளாஸ்டிக்கை அழுத்துகிறார்கள்; அது தவறு. பெயின்ட்டும் ரப்பரும் கெடும், பிளாஸ்டிக்கும் உலோகத்தில் பட்டுத் திடீரெனக் குளிர்ந்து இறுக்கத்தோடு உறையும். பிளைவுட் பலகையில் அட்டை மாதிரியின் வளைவை வெட்டி, அதன் மேல் இரண்டு அடுக்குப் பனியன் துணியைச் சுற்றினால் நல்ல அச்சு கிடைக்கும். அம்பாசிடருக்கு இது மிகவும் எளிது. கண்ணாடி தட்டையானது என்பதால் பெரும்பாலும் நேரான பலகையே போதும், புடைப்பை நீக்குவதுதான் வேலை.

பழைய டேப், குரோம் பட்டை, ஒட்டுப்படம் எல்லாவற்றையும் முதலில் நீக்குங்கள். சூடான காற்றை ஊதும் கருவியான ஹீட் கன்னைப் பத்து, பதினைந்து செ.மீ. தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் முன்னும் பின்னும் ஆட்டி, இரண்டு பக்கத்தையும் மாறி மாறிச் சூடாக்குங்கள். அவசரப்பட்டால் மேற்பரப்பு மட்டும் இளகி நடுப்பகுதி விறைப்பாகவே இருக்கும். அந்த நிலையில் வளைத்தால் அன்றைக்குப் பொருந்தும், அடுத்த கோடையில் பழைய வடிவத்துக்குத் திரும்பும். தடித்த பருத்திக் கையுறை அணிந்து, முனையைத் தூக்கிப் பாருங்கள். தன் எடையில் தானே தொய்ந்தால் பதம் வந்துவிட்டது. அச்சின் மேல் வைத்து, துணி சுற்றிய கையால் மெல்ல அழுத்திப் பிடித்து, கை பொறுக்கும் சூடு வரும் வரை காத்திருங்கள். தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்கக் கூடாது.

முழு நீளத்தையும் ஒரே மூச்சில் சரிசெய்ய நினைக்க வேண்டாம். ஒரு சாண் அளவுக்கு வேலை செய்து, கதவில் வைத்துப் பார்த்து, அடுத்த சாணுக்குப் போவது பாதுகாப்பானது. முறுக்கைச் சரிசெய்வதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்; புடைப்பு நீங்கியதும் முறுக்கும் பாதி குறைந்திருக்கும். வேலை முழுவதையும் காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், சூடான பிளாஸ்டிக்கின் ஆவி மூச்சுக்கு நல்லதல்ல.

ஹீட் கன் இல்லை. கொதிநீரில் முக்கினால் போதுமா?

போதாது. நீர் கொதிக்கும் 100 டிகிரி, அக்ரிலிக் இளகத் தொடங்கும் அளவை எட்டுவதில்லை. சிறிது வளைந்ததுபோல் தோன்றினாலும் நிலைக்காது.

அம்பாசிடரிலும் பத்மினியிலும் முன்கதவில் குவாட்டர் கிளாஸ் இருக்கிறதே, அதன் மேலும் வைசர் வர வேண்டுமா?

வரக் கூடாது. முன்கதவின் முனையில் உள்ள அந்தச் சிறு கண்ணாடி மேலும் கீழும் உள்ள முளைகளில் சுழன்று, ஒரு பாதி வெளியே திரும்பும். அதன் மேல் வைசர் நீண்டால் கண்ணாடி திரும்பும்போது வைசரின் அடிவிளிம்பில் இடிக்கும்; பலமாகத் தள்ளினால் இரண்டில் ஒன்று உடையும். அந்தக் கண்ணாடிகள் இன்று எளிதில் கிடைப்பதில்லை, அவற்றைக் காப்பாற்றுவது வைசரை விட முக்கியம்.

குவாட்டர் கிளாஸுக்கும் பெரிய கண்ணாடிக்கும் நடுவே நிற்கும் செங்குத்துச் சட்டத்தில் வைசரின் முன்முனை வந்து முடிய வேண்டும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. நவீனக் காருக்கு வார்த்த முன்முனை, சாய்ந்து இறங்கும் முன்தூணின் போக்குக்கு ஏற்பக் கீழ்நோக்கி நீண்டு கூர்மையாக இருக்கும். அம்பாசிடரில் அது நிற்க வேண்டிய இடத்தில் சட்டம் கிட்டத்தட்ட நேராக நிற்கிறது. ஆகவே பின்கதவுக்கு வார்த்த வைசர்களை முன்கதவுக்கு முயன்று பாருங்கள். பல கார்களில் பின்கதவு வைசரின் முன்முனை செங்குத்தாக முடிகிறது, அது இந்த இடத்துக்கு அருமையாக ஒத்துப்போகும். முனைக்கும் குவாட்டர் கிளாஸின் சட்டத்துக்கும் இடையே மூன்று, நான்கு மி.மீ. விட்டுவிட்டு, கண்ணாடியை முழுவதும் திருப்பிப் பார்த்த பிறகே ஒட்டும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கதவைத் திறக்கும்போது வைசர் எங்கும் இடிக்காமல் இருக்க என்ன செய்வது?

கீல் இருக்கும் பக்கம்தான் கவனம் தேவை. கதவு திறக்கும்போது அதன் முன்விளிம்பு சற்று உள்நோக்கித் திரும்பும். அந்த விளிம்பைத் தாண்டி வைசர் நீண்டிருந்தால் பின்கதவு வைசர் நடுத்தூணிலோ முன்கதவு வைசரின் முதுகிலோ மோதும். இரண்டு வைசர்களுக்கும் நடுவே ஐந்து மி.மீ.யாவது இடம் விடுங்கள். ஒட்டுவதற்கு முன் வைசரை மாஸ்கிங் டேப்பால் தற்காலிகமாகப் பிடிக்கவைத்து, ஒவ்வொரு கதவையும் மெதுவாகக் கடைசி வரை திறந்து மூடிப் பாருங்கள். பழைய கீல்கள் தேய்ந்து கதவு தொங்கியிருந்தால், முதலில் கீலைச் சரிசெய்யுங்கள். வைசரை ஒட்டிவிட்டுக் கதவைத் தூக்கி அமைத்தால் எல்லா அளவும் மாறிவிடும்.

கூரையோரத்தில் ஓடும் வாய்க்காலை என்ன செய்வது?

அம்பாசிடர், ஆம்னி போன்ற வண்டிகளில் கூரையின் ஓரம் நெடுக மழைநீர் வடியும் சிறு வாய்க்கால் உண்டு. வைசர் அதன் அடியில், கதவுச் சட்டத்தில்தான் உட்கார வேண்டும். வாய்க்காலின் உதட்டைத் தொட்டால் கதவு திறக்காது. வாய்க்காலையே மூடினால் நீரும் அழுக்கும் தேங்கித் தகடு துருப்பிடிக்கும். இடம் குறுகலாக இருந்தால் வைசரின் மேல்பட்டையை முன்சொன்ன வரம்புக்குள் தேய்த்துக்கொள்ளலாம்.

எந்த டேப் வாங்குவது, எப்படி ஒட்டுவது?

கார்களின் வெளிப்பாகங்களுக்கான அக்ரிலிக் நுரை டபுள் சைடு டேப் வேண்டும். 3எம் நிறுவனத்தின் விஎச்பி வகை பலருக்கும் தெரிந்தது. சுவரில் படம் மாட்டும் வெள்ளை நுரை டேப் வெயிலில் தூளாகிவிடும். வைசரோடு வரும் டேப்பை அப்படியே நம்ப வேண்டாம், சூடாக்கிய வைசரில் அது எப்படியும் இருக்காது.

சூப்பர் குளூ, அரால்டைட் போன்ற இறுகும் பசைகள் ஏன் கூடாது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அக்ரிலிக் வெப்பத்தில் எஃகை விட ஐந்து, ஆறு மடங்கு அதிகமாக விரியும். 90 செ.மீ. நீளமுள்ள வைசர், விடியற்காலைக்கும் நண்பகலுக்கும் இடையே 40 டிகிரி சூடேறினால், அதன் நீளம் தகட்டை விட ஏறத்தாழ 2 மி.மீ. அதிகமாக மாறும். நுரை அந்த அசைவை உள்வாங்கிக்கொள்ளும். இறுகிய பசை பெயின்ட்டைப் பெயர்க்கும் அல்லது வைசரை உடைக்கும்.

கதவுச் சட்டத்தைச் சோப்பு நீரால் கழுவி, காயவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சம அளவில் கலந்த கலவையால் துடையுங்கள். பாலிஷும் மெழுகும் இருந்த இடத்தில் டேப் பிடிக்காது. வைசரை மட்டும் மென்சோப்பு நீரால் கழுவினால் போதும். வளைத்த அக்ரிலிக்கின் மேல் ஆல்கஹால், தின்னர், பெட்ரோல் எது பட்டாலும் நூல்நூலாக வெடிப்புகள் தோன்றும்.

ஒட்டும் நேரமும் முக்கியம். இந்த டேப்புக்கு 21 முதல் 38 டிகிரி வரை ஏற்ற சூடு. நம் ஊரில் அதிகக் குளிர் பிரச்சினை இல்லை, வெயிலில் நின்ற கதவின் கொதிப்பும் மழைக்கால ஈரமும்தான் பிரச்சினை. மழையில்லாத நாளில், நிழலில், காலை நேரத்தில் ஒட்டுங்கள். டேப்பின் காகிதத்தை முழுவதும் உரித்துவிடாமல், இரண்டு முனைகளிலும் இரண்டு அங்குலம் உரித்து வெளியே மடித்துவிட்டு, வைசரை இடத்தில் வைத்துச் சரிபார்த்து, பிறகு காகிதத்தை மெல்ல இழுத்துக்கொண்டே முழு நீளத்தையும் கட்டைவிரலால் பலமாக அழுத்துங்கள். அறைச் சூட்டில் இருபது நிமிடத்தில் பாதி வலுவும், ஒரு நாளில் பத்தில் ஒன்பது பங்கும், மூன்று நாளில் முழு வலுவும் வரும். முதல் நாள் கழுவாதீர்கள், நெடுஞ்சாலைக்கும் எடுத்துப் போகாதீர்கள்.

மறுபெயின்ட் அடித்த கதவில் ஒட்டலாமா?

பெயின்ட் புதிதென்றால் அது முழுவதும் காய்ந்து இறுக, பெயின்டர் சொல்லும் கால அளவுக்குக் காத்திருங்கள். பழைய மறுபெயின்ட்டில் வேறு கேள்வி எழுகிறது: அடியில் பள்ளம் நிரப்பும் பட்டிப் பூச்சும் துருவும் இருந்தால் டேப் பெயின்ட்டைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் பெயின்ட் தகட்டைப் பிடித்திருக்காது. கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் சிறு டேப் துண்டை ஒட்டி, மூன்று நாள் கழித்துப் பிடுங்கிப் பாருங்கள். பெயின்ட் பெயர்ந்து வந்தால் வைசருக்கு முன் டிங்கர் கடைக்குப் போக வேண்டியிருக்கும்.

உறுதிக்காக ஒன்றிரண்டு திருகு போடலாமா?

கதவுச் சட்டத்தில் துளை போடாதீர்கள். துளையின் விளிம்பில் தொடங்கும் துரு, பெயின்ட்டுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் பரவும். பழைய வண்டியின் கதவுச் சட்டம் கெட்டால் மாற்றுச் சட்டத்துக்கு எங்கும் அலைய வேண்டும்.

வேகமாகப் போகும்போது விசில் சத்தம் வருகிறது. என்ன காரணம்?

பெரும்பாலும் முன்முனையில் டேப் எட்டாத சிறு இடைவெளி இருக்கும். ஒரு சிறு மாஸ்கிங் டேப்பால் அதை மூடிவிட்டு ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் அந்த இடத்தில் டேப்பை முனை வரை நீட்டி ஒட்ட வேண்டும். நிற்காவிட்டால் வைசரின் அடிவிளிம்பைப் பாருங்கள். உப்புத்தாளால் தேய்க்காமல் விட்ட கூரான வெட்டு விளிம்பும் காற்றைக் கிழித்துச் சத்தமிடும். கண்ணாடியைச் சிறிதளவு இறக்கினால் மட்டும் காது அடைப்பதுபோல் அதிர்ந்தால் அதற்கு வைசர் காரணமல்ல. எதிர்ப்பக்கத்தின் பின்கண்ணாடியையும் சிறிது இறக்கிவிட்டால் சரியாகிவிடும்.

சட்டப்படி சிக்கல் வருமா?

மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100ஆம் விதி, முன், பின் கண்ணாடிகள் 70 விழுக்காடும், பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடும் ஒளியை ஊடுருவவிட வேண்டும் என்கிறது. 2012இல் உச்ச நீதிமன்றம் கறுப்புப் படலங்களைத் தடைசெய்ததும் அந்த விதியின் அடிப்படையில்தான். வைசர் கண்ணாடியின் மேல் ஒட்டப்படுவதில்லை, கதவுச் சட்டத்தில் நிற்கிறது. ஆயினும் அதன் அகலம் ஓட்டுநரின் பார்வைக்குக் குறுக்கே வந்தால் எந்த விதியும் தேவையில்லாமலே அது ஆபத்தானது. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, பின்னால் வருவதைக் காட்டும் வெளிக்கண்ணாடியும் அதைச் சுற்றியுள்ள இடமும் முழுவதும் தெரிகின்றனவா என்று பாருங்கள். உயரமானவர்களுக்கு வைசரின் அடிவிளிம்பு கண்மட்டத்துக்கே வரக்கூடும். அவர்கள் அகலம் குறைந்த, வெளிர்ப்புகை நிற வைசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பின்னால் கழற்ற வேண்டி வந்தால்?

கத்தியையோ ஸ்க்ரூ டிரைவரையோ உள்ளே செருகி நெம்பாதீர்கள். முடி உலர்த்தும் கருவியால் வைசரின் மேல்பட்டையை மிதமாகச் சூடாக்கி, தூண்டில் நரம்பை டேப்பின் பின்னால் விட்டு, இரண்டு கையாலும் மாறி மாறி இழுத்து அறுத்துக்கொண்டே போனால் வைசர் சேதமில்லாமல் வந்துவிடும். கதவில் மீதமுள்ள நுரையைக் கட்டைவிரலால் உருட்டி எடுத்துவிட்டு, ஒட்டிக்கொண்டிருக்கும் பசையை முன்சொன்ன ஆல்கஹால் கலவையால் நனைத்துத் துடையுங்கள். கழற்றிய வைசர் நேராக இருந்தால், பழைய டேப்பை முழுவதும் நீக்கிப் புது டேப்போடு மறுபடி பயன்படுத்தலாம்.